வலமா, இடமா: விமானத்தில் காட்சி தெரியும் சன்னலோர இருக்கையைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

சிலாங்கூரின் பந்திங் வட்டாரத் தோட்டங்களில் வாழ்பவர்களுக்கு விமானம் புதுமையான பொருள் அன்று. 1998ஆம் ஆண்டு சிப்பாங்கில் கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையமான கே.எல்.ஐ.ஏ. திறக்கப்பட்டது முதல், செம்பனை மட்டைகளுக்கு மேலே விமானங்கள் ஏறுவதையும் இறங்குவதையும் நாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். ஆயினும் சென்னைக்கோ திருச்சிக்கோ கோத்தா கினபாலுவுக்கோ முதன்முறையாகப் பயணச்சீட்டு எடுப்பவர்கள், சன்னலோரம் கிடைத்தால் போதும் என்று நிம்மதி அடைந்துவிடுகிறார்கள். பிறகு பயணம் முழுவதும் இறக்கையின் தகட்டையும், அதில் பட்டுக் கண்ணைக் கூசச் செய்யும் வெயிலையும் பார்த்தபடியே போய்ச் சேர்கிறார்கள். எந்தப் பக்கம், எந்த வரிசை, எந்த நேரம் என்ற மூன்றையும் சேர்த்து யோசித்தால்தான் சன்னலோரத்துக்குப் பொருள் உண்டு.

எதைப் பார்க்க விரும்புகிறீர்கள்?

இருக்கை வரைபடத்தைத் திறப்பதற்கு முன்பே இதை முடிவு செய்துகொள்ள வேண்டும். பயண விமானங்கள் நெடுந்தூரப் பறப்பில் 10 முதல் 12 கிலோமீட்டர் உயரத்தில் செல்கின்றன. அந்த உயரத்தில் தொடுவானம் ஏறத்தாழ 350 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் என்பது கணக்களவில் சரிதான். ஆனால் நம் நாட்டின் ஈரக்காற்றும் மேகமும் அவ்வளவு தூரம் பார்க்க விடுவதில்லை. வீடு, ஆறு, சாலை, கோயில் என்று இனம் கண்டு மகிழக்கூடிய காட்சி அனைத்தும் ஏறும்போது முதல் பத்து நிமிடங்களிலும் இறங்கும்போது கடைசி இருபது நிமிடங்களிலுமே கிடைக்கின்றன. ஏறுவதைவிட இறங்குவது மெதுவாக நடக்கிறது. நீண்ட தூரம் தாழ்வாகவே பறக்கிறது. ஆகவே இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்றால், இறங்கும் ஊரை மனத்தில் வைத்தே பக்கத்தைத் தேர்ந்தெடுங்கள் என்பேன். உயர்ந்த மலைகளைப் பார்க்கப் போகிறவர்களுக்கு மட்டும் இந்த விதி பொருந்தாது. அவை நடுவானிலிருந்தும் தெரியும்.

ஓடுபாதையின் எண்ணைப் படித்துப் பாருங்கள்

புதியவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய மிகவும் பயனுள்ள செய்தி இதுதான். ஒவ்வோர் ஓடுபாதையின் இரு முனைகளிலும் ஓர் எண் எழுதப்பட்டிருக்கும். அதைப் பத்தால் பெருக்கினால் விமானம் எந்தத் திசையை நோக்கி ஓடும் என்பது, வடக்கிலிருந்து வலமாக எண்ணும் பாகைக் கணக்கில் கிடைத்துவிடும். கே.எல்.ஐ.ஏ.யில் உள்ள மூன்று ஓடுபாதைகளின் எண்கள் ஒரு முனையில் 14, 15 என்றும் மறுமுனையில் 32, 33 என்றும் அமைந்துள்ளன. அதாவது 140, 150 பாகை தென்கிழக்கு. 320, 330 பாகை வடமேற்கு. விமானங்கள் கூடுமானவரை எதிர்க்காற்றில் ஏறி இறங்குவதால், அன்றைய காற்றைப் பொறுத்து இந்த இரண்டு திசைகளில் ஒன்று பயன்படுத்தப்படுகிறது.

விமானம் வடமேற்கே ஏறினால், இடப்பக்கச் சன்னலில் பந்திங்கும் லங்காட் ஆற்றின் வளைவுகளும் கேரித் தீவும் மலாக்கா நீரிணையும் தெரியும். வலப்பக்கச் சன்னலில் சைபர்ஜெயாவும் புத்ராஜெயாவும், வானம் தெளிந்திருந்தால் தொலைவில் கோலாலம்பூரின் கோபுரங்களும் தெரியும். வடமேற்கிலிருந்து வந்து தென்கிழக்கு நோக்கி இறங்கும்போது இது அப்படியே மாறிவிடும்: நம் ஊர் வலப்பக்கம், புத்ராஜெயா இடப்பக்கம். நெகிரி செம்பிலான் பக்கமிருந்து வடமேற்கு நோக்கி இறங்கினால் போர்ட்டிக்சனை ஒட்டி வரும் விமானத்தின் இடப்பக்கத்தில் பாகான் லாலாங் வரையிலான கடற்கரையும், வலப்பக்கத்தில் சிரம்பான், நீலாய்ப் பக்கத்து நிலப்பரப்பும் விரியும்.

பந்திங்கில் குடியிருப்பவர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. ஓடுபாதைக்கு வடமேற்கில் உள்ள பறப்புப் பாதை ஊருக்கு வடகிழக்கே பத்துக் கிலோமீட்டருக்கு மேல் தள்ளிச் செல்கிறது. பயணத்துக்குச் சில மணி நேரத்துக்கு முன்பு அத்திசையில் நின்று கவனித்தால், விமானங்கள் தாழ்வாக வரிசையாக இறங்கி வருகின்றனவா, முழக்கத்தோடு ஏறிப் போகின்றனவா என்பது தெரிந்துவிடும். இறங்கி வந்தால் அன்று தென்கிழக்கு நோக்கிய பயன்பாடு; ஏறிப் போனால் வடமேற்கு. காற்று திசை மாறினால் இந்தக் கணிப்பும் மாறக்கூடும். ஆயினும் ஒன்றும் தெரியாமல் போவதைவிட இது மேல்.

போய்ச் சேரும் ஊரைப் பற்றி அறிய ‘பிளைட்ரேடார்24’ போன்ற செயலிகள் உதவுகின்றன. உங்கள் விமானத்தின் எண்ணை அதில் இட்டால், அதே விமானம் கடந்த சில நாட்களில் எந்த வழியாகச் சென்றது, எந்தப் பக்கமாகத் திரும்பி இறங்கியது என்பதைக் கோடாக வரைந்து காட்டும். ஒருநாள் கோட்டை மட்டும் பார்த்து முடிவு செய்யாமல், நான்கைந்து நாட்களின் கோடுகளைப் பார்த்துப் பெரும்பான்மையை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கோட்டில் வளைவுகள் எங்கே இருக்கின்றன என்பதையும் கவனியுங்கள். விமானம் எந்தப் பக்கம் திரும்புகிறதோ அந்தப் பக்கமே சாயும். சாய்கிற பக்கத்துச் சன்னலுக்கு நிலம் முழுவதும் தெரியும், எதிர்ப்பக்கத்துச் சன்னலுக்கு வெறும் வானம்தான் மிஞ்சும்.

தோட்டத்து மனிதருக்கு மேலிருந்து தெரிவது

இங்கே சற்று நின்று பேச வேண்டும். ஏனென்றால் மற்றவர்கள் ‘ஒரே பச்சை’ என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொள்ளும் நிலத்தை நம்மவர்களால் படிக்க முடியும். செம்பனைகள் முக்கோண அமைப்பில், மரத்துக்கு மரம் ஏறத்தாழ 9 மீட்டர் இடைவெளியில் நடப்படுகின்றன. ஒரு ஹெக்டருக்கு 136 முதல் 148 மரங்கள் நிற்கும். மேலிருந்து பார்க்கும்போது ஒவ்வொரு மரமும் மட்டைகளை எல்லாத் திசையிலும் விரித்த விண்மீனைப் போல் தெரிகிறது. விமானம் நகர நகர வரிசைகள் மூன்று திசைகளில் மாறி மாறித் திறந்து மூடுகின்றன. கோலலங்காட் பகுதியின் கரிமண் நிலத்தில் காப்பி நிறத் தண்ணீர் ஓடும் கால்வாய்கள் அளவுகோலால் கோடிழுத்தாற்போல் கிடக்கின்றன. மேட்டு நிலத் தோட்டங்களில் குன்றைச் சுற்றிச் சுற்றி வெட்டிய படிக்கட்டுகள் தெரியும். மறுநடவு செய்த நிலம் செம்மண்ணாகவோ இளம்பச்சையாகவோ தனித்து நிற்கும். வெள்ளை ஆவி எழுகிற இடம் எண்ணெய் ஆலை. அதன் அருகே செவ்வகங்களாகக் கிடக்கும் பழுப்பு, கரும்பச்சைக் குளங்கள் ஆலைக் கழிவுநீரைத் தேக்கும் குட்டைகள். இவற்றுக்கு நடுவே தகரக் கூரை வரிசையும் அதன் ஓரத்தில் வண்ணம் பூசிய சிறு கோபுரமும் கண்ணில் பட்டால், அது ஒரு தோட்டத்துக் குடியிருப்பு என்பதை யாரும் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. இவை அனைத்தும் ஏறிய ஐந்தாறு நிமிடங்களுக்குள் நடந்து முடிந்துவிடும். அந்த நேரத்தில் கைப்பேசியில் செய்தி அனுப்பிக்கொண்டிருப்பது, கட்டிய காசை வீணாக்குவதாகும்.

நம்மவர்கள் அதிகம் போகும் வழிகள்

பினாங்கு: ஒரு மணி நேரம்கூட ஆகாத பறப்பு. கே.எல்.ஐ.ஏ.யிலிருந்து போகும்போது இடப்பக்கத்தில் கடற்கரையும், சிகிஞ்சானின் கட்டம் கட்டமான நெல் வயல்களும், பங்கோர்த் தீவும் வரும். வலப்பக்கத்தில் தித்திவங்சா மலைத்தொடர் கூடவே வரும். பெரும்பாலோர் மலைப் பக்கத்தைச் சொல்வார்கள். காலை விமானத்துக்கு நான் இடப்பக்கத்தையே சொல்வேன்; வெயில் வலப்பக்கமிருந்து வருவதால் இடப்பக்கத்து நிலம் நன்றாக ஒளி பெற்றிருக்கும். ஆனால் தெற்கிலிருந்து வடகிழக்கு நோக்கிப் பினாங்கின் பாயான் லெப்பாஸ் விமான நிலையத்தில் இறங்கும்போது, 2014இல் திறக்கப்பட்ட 24 கிலோமீட்டர் நீள இரண்டாவது பாலம் வலப்பக்கத்தில்தான் தெரியும். வடக்கிலிருந்து இறங்கினால் ஜார்ஜ்டவுன் நகரமும் வலப்பக்கமே. தைப்பூசத்துக்குப் போகிறவர்கள் பாலத்தைப் பார்க்க வேண்டுமா, கடற்கரையைப் பார்க்க வேண்டுமா என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ளட்டும். மாலையில் திரும்பும்போது இடப்பக்கம் உட்கார்ந்தால், மேற்கு வெயில் பட்ட மலைத்தொடரைக் கண் கூசாமல் பார்க்கலாம்.

சென்னை: ஏறத்தாழ நான்கு மணி நேரம். நடுவில் பெரும்பகுதி வங்கக்கடல். மேகத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. எனவே இறங்குவதை மட்டும் எண்ணிப் பாருங்கள். கடல் பக்கமிருந்து மேற்கு நோக்கி இறங்கினால், வலப்பக்கத்தில் மெரினாவும் துறைமுகமும், தரையைத் தொடுவதற்குச் சற்று முன்பு பரங்கிமலையும் தெரியும்; இடப்பக்கத்தில் பெசன்ட் நகர்க் கடற்கரை. மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி இறங்கினால் செம்பரம்பாக்கம் ஏரி இடப்பக்கத்தில் அமையும். இரவில் போகிறவர்கள் வருத்தப்பட வேண்டியதில்லை. கடற்கரை ஓரத்தில் விளக்குகள் சட்டென்று தொடங்கும் அந்தக் கோடு பகலில் கிடைக்காத காட்சி.

திருச்சி: விமான நிலையம் நகரத்துக்குத் தெற்கே, கிழக்கு மேற்காக அமைந்த ஓடுபாதையுடன் இருக்கிறது. காவிரியும் கொள்ளிடமும் அவற்றுக்கு இடைப்பட்ட திருவரங்கமும் வடக்கே உள்ளன. ஆகவே கிழக்கிலிருந்து நேராக வந்து மேற்கு நோக்கி இறங்கினால் வலப்பக்கமும், சுற்றிப் போய்க் கிழக்கு நோக்கி இறங்கினால் இடப்பக்கமும் நல்லது.

கோத்தா கினபாலு: 4,095 மீட்டர் உயரமுள்ள கினபாலு மலையைப் பார்க்காமல் திரும்புவது பெரிய இழப்பு. தென்மேற்கிலிருந்து கடற்கரையை ஒட்டி வரும் விமானத்தில் வலப்பக்கம் அமருங்கள். வடக்கே போய்த் திரும்பித் தெற்கு நோக்கி இறங்கினால் இடப்பக்கம். எந்தப் பக்கம் என்பதைவிட முக்கியமானது நேரம். காலையில் தெளிவாக இருக்கும் சிகரம், முற்பகல் முடிவதற்குள் மேகத்தில் மறைந்துவிடுவது வழக்கம். பிற்பகல் விமானம் மலிவாகக் கிடைத்தாலும், மலைக்காகப் போகிறவர்கள் காலையில் போய் இறங்கும் விமானத்தையே பார்க்கட்டும்.

முக்திநாத்துக்கும் பசுபதிநாத்துக்கும் யாத்திரை போகிறவர்களுக்கு ஒரே வரியில் சொல்லலாம்: காட்மாண்டுவுக்குப் போகும்போது வலப்பக்கம், திரும்பும்போது இடப்பக்கம். இமயம் வடக்கே இருக்கிறது.

வெயிலும் பருவமும்

பூமத்திய ரேகைக்கு அருகில் இருப்பதால் நண்பகலில் சூரியன் ஏறக்குறைய தலைக்கு மேலே நிற்கிறது. அப்போது எந்தப் பக்கமானாலும் பெரிய வேறுபாடு இல்லை. காலையிலும் மாலையிலும்தான் கவனம் தேவை. வடக்கே போகும் விமானத்தில் காலை வெயில் வலப்பக்கம், மாலை வெயில் இடப்பக்கம். தெற்கே போனால் இதற்கு நேர்மாறு. சென்னை, திருச்சி விமானங்கள் மேற்கு வடமேற்காகச் செல்கின்றன. மார்கழி, தை மாதங்களில் பிற்பகலில் கிளம்பினால், தெற்கே சாய்ந்து மேற்கில் இறங்கும் சூரியன் இடப்பக்கத்தைக் கூசச் செய்யும். வலப்பக்கம் உட்காருவது நலம். அத்தமனத்தையே படம் பிடிக்க விரும்புகிறவர் மட்டும் இவற்றைத் தலைகீழாகப் படித்துக்கொள்ளலாம்.

வெயிலுக்கு எதிர்ப்பக்கம் அமர்பவர்களுக்கு இன்னொரு பரிசும் உண்டு. கீழே மேகப் படலம் இருக்கும்போது விமானத்தின் நிழல் அதன் மேல் விழுந்து, நிழலைச் சுற்றி வண்ண வளையங்கள் தோன்றும். மேகத்தின் நீர்த்துளிகள் ஒளியைத் திருப்பி அனுப்புவதால் உண்டாகும் இந்த வளையம், சூரியன் இருக்கும் பக்கத்தில் அமர்ந்தால் ஒருபோதும் தெரியாது.

மேற்குக் கரையில் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபரிலும் பிற்பகலில் இடிமழை வழக்கம் என்பதால் காலைப் பயணம் மேல். நவம்பர் முதல் மார்ச் வரை கிழக்குக் கரைக்குப் போகிறவர்கள் மேகத்தை எதிர்பார்த்தே போக வேண்டும். சுமத்திராவில் காட்டுத்தீ மூண்டு புகைமூட்டம் வரும் ஆண்டுகளில், ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் கீழே ஒன்றுமே தெரியாத நாள்களும் உண்டு. அப்போது இருக்கைக்கென்று தனியே காசு கட்டாதீர்கள்.

எந்த வரிசை?

நடுவில் ஒரே நடைபாதையும் இரு பக்கமும் மும்மூன்று இருக்கைகளும் கொண்ட ஏர்பஸ் ஏ320, போயிங் 737 ஆகியவற்றில் ‘ஏ’ இடப்பக்கச் சன்னல், ‘எஃப்’ வலப்பக்கச் சன்னல். ஏ330 போன்ற அகன்ற விமானங்களில் வலப்பக்கச் சன்னல் பெரும்பாலும் ‘கே’ என்று இருக்கும். இடம், வலம் என்பதை விமானத்தின் மூக்கை நோக்கி நின்றே கணக்கிட வேண்டும்.

முப்பது வரிசை கொண்ட ஏ320 விமானத்தில் ஏறத்தாழ 10 முதல் 20 வரையிலான வரிசைகளுக்குக் கீழே இறக்கைதான் தெரியும். அதற்கு முன்னால் உள்ள வரிசைகள் மிகச் சிறந்தவை. பின்னால் 24க்கு மேல் போனாலும் நிலம் தெரியும். ஆனால் இயந்திரம் வெளியேற்றும் சூடான காற்றினூடே பார்க்க நேர்வதால், காட்சி கானலில் நெளிவது போல் சற்றே கலங்கும். கண்ணுக்கு அது பெரிதாகத் தெரியாது, படத்தில் தெரியும். முன் வரிசைகளுக்குக் கூடுதல் கட்டணம் கேட்டால், படமெடுப்பதில் ஆர்வமில்லாதவர்கள் பின் வரிசையையே எடுத்துக்கொள்ளலாம். அவசர வழி வரிசையில் கால் நீட்ட இடம் இருந்தாலும் அது இறக்கையின் மேலேயே அமைந்திருக்கிறது.

சன்னலோரம் என்று விற்கப்படும் எல்லா இருக்கைக்கும் சன்னல் இருப்பதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். சன்னல்கள் ஏறத்தாழ அரை மீட்டருக்கு ஒன்றாக அமைந்துள்ளன; இருக்கை வரிசைகளோ அதைவிட அதிக இடைவெளியில் போடப்படுகின்றன. இரண்டும் பொருந்தாத இடத்தில் சன்னல் உங்கள் தோளுக்குப் பின்னால் போய்விடும். போயிங் 737 விமானத்தில் இறக்கைக்குச் சற்று முன்னே, குளிர்காற்றுக் குழாய் செல்லும் இடத்தில், சன்னலே இல்லாத வெறும் சுவர் உண்டு. ‘ஏரோலோபா’ இணையத்தளத்தில் விமான நிறுவனத்தையும் விமான வகையையும் தேர்ந்தெடுத்தால், ஒவ்வொரு வரிசைக்கும் சன்னல் எங்கே விழுகிறது என்பதை வரைபடத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

சுபாங்கிலிருந்து பறக்கும் ஏடிஆர் 72 வகைச் சிறு விமானத்துக்கு இந்தக் கவலையெல்லாம் தேவையில்லை. அதன் இறக்கை சன்னல்களுக்கு மேலே பொருத்தப்பட்டிருப்பதால் எந்த வரிசையிலிருந்தும் நிலத்தைப் பார்க்கலாம். பெரிய விமானங்களின் பாதி உயரத்தில்தான் அது பறக்கிறது. சுழலிக்கு நேராக உள்ள வரிசையில் இரைச்சல் மிகுதி, அவ்வளவுதான். காட்சிக்காக மட்டும் ஒரு பயணம் என்றால் நான் முதலில் தேடுவது இதைத்தான்.

இருக்கையைப் பெறும் வழி

மலிவுக் கட்டணத்தில் இருக்கை தானாக ஒதுக்கப்படும். விரும்பியதை எடுக்கச் சில வெள்ளிகள் கட்ட வேண்டும். குடும்பமாகப் போகிறவர்கள் எல்லோருக்கும் கட்டத் தேவையில்லை. பார்க்க ஆசைப்படுகிற ஒருவருக்கு மட்டும் கட்டினால் போதும். அடிக்கடி எழுந்து கழிப்பறைக்குப் போக வேண்டிய பெரியவர்களைப் பாசத்தால் சன்னலோரம் உட்கார வைத்துவிட்டு, ஒவ்வொரு முறையும் மூவரும் எழுந்து நிற்கும் நிலை வேண்டாம். அவர்களுக்கு நடைபாதை ஓரமே வசதி.

காசு கட்ட விருப்பமில்லை என்றால் முகப்பிடத்தில் கேட்டுப் பார்க்கலாம். ‘தெப்பி திங்காப், செபெலா கானான்’ என்று மலாயில் சொன்னால் சன்னலோரம், வலப்பக்கம் என்று புரிந்துகொள்வார்கள், இடப்பக்கத்துக்கு ‘கீரி’. நம் பிள்ளைகள் யாராவது பணியில் இருந்தால், ‘ஏம்மா, வலது பக்கம் சன்னலோரம் ஏதாச்சும் காலியா இருக்கா, றெக்கைக்கு முன்னால?’ என்று கேட்பதில் தவறில்லை. இருந்தால் பெரும்பாலும் கொடுப்பார்கள். கடைசி நேரத்தில் விமான வகை மாற்றப்பட்டால் இருக்கை எண்ணும் இடம் மாறலாம் என்பதால், வீட்டை விட்டுக் கிளம்பும் முன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

உட்கார்ந்த பிறகு

கைப்பேசியைப் பையில் வைத்து மேலடுக்கில் ஏற்றிவிடாதீர்கள். ஏறும்போதும் இறங்கும்போதும் எழ முடியாது. சன்னலின் உள் தகட்டைக் கைக்குட்டையால் துடையுங்கள். வெளித் தகட்டில் அழுக்கு இருந்தால் ஒன்றும் செய்வதற்கில்லை. நடுத் தகட்டின் கீழ்ப்பகுதியில் ஊசித்துளை போன்ற ஒரு சிறு ஓட்டை தெரியும். காற்றழுத்தத்தைச் சமன் செய்யவும் பனி படியாமல் காக்கவும் அது வைக்கப்பட்டிருக்கிறது. அதைச் சுற்றிச் சிறிது உறைபனி படிந்தால் அஞ்ச வேண்டாம், படமெடுக்கும்போது அதைத் தவிர்த்து மேல் பகுதியைப் பயன்படுத்துங்கள். படமெடுக்கும்போது ஒளிரும் பிளாஷ் விளக்கை அணைத்துவிட்டு, கைப்பேசியைத் தகட்டுக்கு மிக அருகில், ஆனால் அதன் மேல் சாய்க்காமல் பிடியுங்கள். சாய்த்தால் விமானத்தின் அதிர்வு படத்தில் விழும். உள்விளக்கின் பிரதிபலிப்பு தொல்லை தந்தால், கருநிறத் துண்டு ஒன்றைக் கைப்பேசியைச் சுற்றி மறைப்பாகப் பிடிக்கலாம். போலரைஸ்டு வகைக் கறுப்புக் கண்ணாடி அணிந்து பார்த்தால் சன்னலில் வானவில் நிறக் கறைகள் தோன்றும், அதைக் கழற்றிவிடுங்கள்.

நடுவானில் மற்றவர்கள் உறங்கும்போது மறைப்பைப் பாதி இறக்கிவைப்பது மரியாதை. பக்கத்தில் இருப்பவர் எட்டிப் பார்த்தால் சற்றுப் பின்னால் சாய்ந்து இடம் கொடுங்கள். தவறான பக்கம் கிடைத்துவிட்டதா? கதவு சாத்தப்பட்ட பிறகு எதிர்ப்பக்கத்தில் வரிசை காலியாக இருந்தால், பணிப்பெண்ணிடம் கேட்டுவிட்டு மாறிக்கொள்ளலாம். கேட்காமல் மாறக் கூடாது. காலியாகத் தெரியும் முன் வரிசைகள் பெரும்பாலும் கூடுதல் கட்டணத்துக்கு உரியவை.